குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண சீசன், சிராவயல் மஞ்சுவிரட்டு, கோயில் திருவிழா என்று கூட்டம் கூடும் நாட்களில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சாலைகளில் ஊதச் சொல்லும் சோதனை நடந்தால், மறுநாள் காலையில் வருகிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலோர் அபராதத் தொகையைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் செலவு வைப்பது லைசென்ஸும் இன்சூரன்ஸும்தான். அதனால் அந்த இரண்டு பதில்களும் சற்று நீளம்.

1. எவ்வளவு குடிச்சா கேஸ் அண்ணே? ஒரு அளவு இருக்காமே?

இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். வண்டி நேராகப் போனதா, நீங்கள் தெளிவாகப் பேசினீர்களா என்பதெல்லாம் இந்தப் பகுதிக்குத் தேவையில்லை, எண் தாண்டியதா என்பதே கேள்வி. கஞ்சா, மாத்திரை போன்ற போதைப்பொருட்களுக்கு எண் கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும்.

முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு இருந்த 2,000 ரூபாய் கணக்கை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது காலாவதியான கணக்கு.

2. ஒரு கட்டிங்தான் போட்டேன். அது 30-க்குள்ள வராதா?

வராது. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம் ஆல்கஹால். 90 மில்லி கட்டிங்கில் சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது ரத்தத்தில் 60 மில்லிகிராமைத் தாண்டும். 60 மில்லி லார்ஜ் ஒன்றே 40-க்கு மேல் கொண்டுபோய்விடும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி என்றால் 85 வாக்கில். குவார்ட்டர் 180 மில்லி முழுசாக என்றால் 125-ஐத் தாண்டும். இவை உடல் எடையை வைத்துப் போடும் தோராயக் கணக்குகள். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவு இன்னும் அதிகமாக ஏறும்.

விருந்து சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மெதுவாக ஏறும், உச்சம் கொஞ்சம் குறையும். காணாமல் போகாது.

3. நைட்டு அடிச்சிட்டுத் தூங்கிட்டேன். காலையில 6 மணிக்குப் பிள்ளையார்பட்டி கிளம்பினேன். அதுக்கும் கேஸா?

எண் 30-க்கு மேல் இருந்தால் கேஸ்தான். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக 15 மில்லிகிராம்தான் இறக்கும். நீங்கள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் அதே வேகம். முந்தின பதிலில் சொன்ன குவார்ட்டரை இரவு 11 மணிக்கு முடித்தவருக்கு 30-க்குக் கீழே வர அதிகாலை ஐந்தரை, ஆறு ஆகிவிடும். அது ஆஃபாக இருந்திருந்தால், அதாவது 375 மில்லி என்றால், மறுநாள் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வரை ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. கறுப்புக் காபி, மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கக் கலக்கம் போகும், எண் போகாது.

4. வாயை ஊதச் சொன்னா நாம என்னென்ன கவனிக்கணும்?

சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரியோதான் கேட்கலாம் (பிரிவு 203). ஊதுகுழல் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். நீங்கள் ஊதுவதற்கு முன் கருவி வெறும் காற்றில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். முந்தைய ஆள் ஊதிய ஆல்கஹால் உள்ளே தங்கியிருந்தால் அது உங்கள் கணக்கில் விழும். இந்தப் பூஜ்ய சோதனை சரியாக இல்லாத வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2025-ல் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது.

பிறகு அச்சிட்டு வரும் சீட்டு. அதில் தேதி, நேரம், கருவி எண், அளவு, உங்கள் பெயர் எல்லாம் சரியா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முதுகெலும்பே இந்தச் சீட்டுதான். பின்னால் வக்கீல் முதலில் கேட்பதும் இதைத்தான், நிறையப் பேர் தொலைத்துவிட்டு வருவதும் இதைத்தான்.

5. ஊத மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்ண முடியும்?

குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், ஊத மறுத்ததற்காகவே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஸ்டேஷனில் மறுபடி ஊத ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அங்கேயும் மறுத்தால் டாக்டரிடம் ரத்த மாதிரி கொடுக்கச் சொல்லலாம். அதையும் மறுத்தால், சரியான காரணம் காட்டாத வரை, அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்குப் பலம் சேர்ப்பதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் (பிரிவு 205). மறுத்துத் தப்பித்தவர்களைவிடச் சிக்கலைக் கூட்டிக்கொண்டவர்களே அதிகம்.

ஆஸ்துமா, நெஞ்சுவலி போன்ற உண்மையான காரணத்தால் ஊத முடியவில்லை என்றால், அதை அங்கேயே சொல்லி நீங்களே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

6. இருமல் மருந்து குடிச்சேன், அரிஷ்டம் குடிச்சேன். அதுவும் காட்டுமா?

காட்டும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் உண்டு. உடனே ஊதினால் வாயில் தங்கியிருப்பது பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். 15, 20 நிமிடத்தில் அது இறங்கிவிடும். ஆகவே மருந்து பெயரைச் சொல்லி, தண்ணீரில் கொப்பளிக்க விட்டு 20 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். 20 நிமிடம் கழித்தும் 90 காட்டினால் அரிஷ்டக் கதை கோர்ட்டில் எடுபடாது.

7. எங்க வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி முழுக்க உள்ளதான் இருக்கணுமா?

தேவையில்லை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரண்டாவது தடவையாக இருந்தாலும் அப்படித்தான். ஜாமீன் என்பது இங்கே தயவு இல்லை, உரிமை (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 478). அடையாள அட்டையோடு ஒருவர் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் ஸ்டேஷனிலேயே விடலாம். கைதுக்கான காரணத்தையும், யார் வீட்டுக்குத் தகவல் போனது என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

கைது செய்து 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 202). கவனியுங்கள், 2 மணி நேரம் தாண்டினால் ஆளைத்தான் விட வேண்டும், வழக்கு தானாகப் போய்விடாது. பிடிபட்ட நேரத்தையும் ஆஸ்பத்திரி சீட்டில் உள்ள நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெண்ணிடம் ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருந்தே ஆக வேண்டும்.

8. டாக்டர் "மது அருந்தியுள்ளார், போதையில் இல்லை"ன்னு எழுதிட்டார். கேஸ் உடைஞ்சிடுமா?

ஊதிய சீட்டோ ரத்த அறிக்கையோ 30-க்கு மேல் காட்டினால் உடையாது. முதல் பதிலில் சொன்னபடி அங்கே எண்தான் பேசும். எண்ணே இல்லாமல் வாசனை, கண் சிவப்பு, தள்ளாட்டம் மட்டும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. வாசனையையும் தள்ளாட்டத்தையும் மட்டும் வைத்துக் குடிபோதை நிரூபணமானதாகக் கொள்ள முடியாது என்று உச்சநீதிமன்றம் 1971-லேயே ஒரு மகாராஷ்டிர விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது.

ரத்தம் எடுத்திருந்தால் மூன்றைப் பாருங்கள். தோலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தினார்களா? அப்படியானால் மாதிரி கெட்டது. குப்பியில் சோடியம் புளோரைடு போட்டிருந்தார்களா? இல்லாவிட்டால் ரத்தம் குப்பிக்குள்ளேயே நொதித்து ஆல்கஹால் உண்டாகலாம். முத்திரை வைத்த நேரமும் தடய அறிவியல் ஆய்வகத்தில் பெற்ற தேதியும் எவ்வளவு இடைவெளி? குறுக்கு விசாரணையில் வலு உள்ள கேள்விகள் இவைதான்.

9. அங்கேயே பத்தாயிரத்தைக் கட்டிட்டு வந்திட முடியாதா? கோர்ட்டுக்கு எதுக்கு அலையணும்?

ஹெல்மெட், சிக்னல் மாதிரி இடத்திலேயே சமரசம் செய்துகொள்ளும் குற்றங்களின் பட்டியல் பிரிவு 200-ல் இருக்கிறது. அதில் 185 இல்லை. மாஜிஸ்ட்ரேட் முன்புதான் முடியும். எந்தக் கோர்ட் என்பதைப் பிடிபட்ட இடம் தீர்மானிக்கும். காரைக்குடிக்காரரே ஆனாலும் திருமயம் பக்கம் சிக்கினால் புதுக்கோட்டை மாவட்ட எல்லை, அங்கேதான் போக வேண்டும்.

ரசீது இல்லாமல் யாராவது பணம் கேட்டால் அது அபராதம் இல்லை, லஞ்சம். கொடுப்பவருக்கும் 2018 முதல் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பலாம்.

10. பத்தாயிரம் மொத்தமா இல்லை. என்ன செய்ய?

அபராதம் மட்டும் விதித்து, கட்டாவிட்டால் சிறை என்று தீர்ப்பு வந்தால், 30 நாள் அவகாசமோ இரண்டு மூன்று தவணையோ கேட்கலாம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 464). தீர்ப்பு சொல்லும்போதே வாயைத் திறந்து கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

11. லைசென்ஸை வாங்கிக்கிட்டு ரசீது குடுத்திருக்காங்க. ரசீதைக் காட்டி ஓட்டலாம்ல?

ஓட்டக் கூடாது. இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். பிரிவு 206(4)-ன்படி வாங்கிய லைசென்ஸுக்குக் கொடுக்கும் ரசீது வெறும் பெற்றுக்கொண்டதற்கான சான்று, வண்டி ஓட்டும் உரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. டிஜிலாக்கர் நகலும் உதவாது. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டிச் சிக்கினால் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும் தனியாக வரும்.

லைசென்ஸ் இரண்டு வழியாகப் போகலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது ஆர்.டி.ஓ. வழி: பறித்த லைசென்ஸ் அங்கே அனுப்பப்படும், உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு முதல் குற்றத்துக்கு 3 மாதத் தகுதி நீக்கம், திரும்பச் செய்தால் லைசென்ஸே ரத்து. உத்தரவு கைக்கு வந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவது கோர்ட் வழி: 185-ல் தண்டனை பெற்றால் குறைந்தது 6 மாதத் தகுதி நீக்கத்துக்கு மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட வேண்டும் என்கிறது பிரிவு 20. "ஃபைனைக் கட்டிட்டா முடிஞ்சது" என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் இந்த 6 மாதத்தைக் கணக்கில் வைப்பதே இல்லை. டிரைவர் வேலையில் இருப்பவருக்கு 10,000-ஐவிட இதுதான் பெரிய அடி.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். ஆர்.டி.ஓ. நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். அந்த முகவரி பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடாகவும், நீங்கள் சென்னைவாசியாகவும் இருந்தால், விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரியாமலே போய், ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும். லைசென்ஸ் பறிபோன அன்றே இப்போதைய முகவரியை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

12. வண்டியையும் பிடிச்சு வச்சிட்டாங்களே?

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தால் அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள். குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய முடியாது, வேறு ஆள் இல்லாவிட்டால் பாதுகாப்புக்காக மட்டுமே ஸ்டேஷனில் வைக்கலாம் என்று தெலங்கானா உயர்நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். தராவிட்டால் ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டையோடு வண்டி உரிமையாளர் பெயரில் மாஜிஸ்ட்ரேட்டிடம் இடைக்கால ஒப்படைப்பு மனு போடலாம். வெயிலில் நிற்கும் ஒவ்வொரு வாரமும் பேட்டரிக்கும் டயருக்கும் கேடு. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

13. நான் பின்னாடிதான் உக்காந்து வந்தேன். எனக்கும் கேஸ் போடுவாங்களா?

போடலாம். 185-க்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது பிரிவு 188. ஓட்டுபவர் குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்த உரிமையாளரும் இதில் வருவார். சும்மா ஏறி உட்கார்ந்தது மட்டுமே உடந்தையா என்பது வாதத்துக்குரியது. தெரிந்திருந்ததா, தூண்டினாரா என்று பார்ப்பார்கள். சாவியைக் கொடுத்தது 18 வயது ஆகாத பிள்ளையிடம் என்றால் கணக்கே வேறு: பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

14. வண்டி இடிச்சிருச்சு. இன்சூரன்ஸ் ஃபுல் கவர் இருக்கு, வந்திடும்ல?

உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மோட்டார் பாலிசியிலும் மதுவின் தாக்கத்தில் ஓட்டினால் பொறுப்பில்லை என்ற விலக்கு இருக்கிறது. ஊதவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை, அதனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் உச்சநீதிமன்றம், டெல்லியில் ஒரு போர்ஷே கார் விபத்து வழக்கில், பரிசோதனை இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதாவது கிரிமினல் வழக்கில் தப்பிக்க உதவும் அதே ஓட்டை, இங்கே உதவாமல் போகலாம்.

உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் போதை விலக்கு உண்டு. வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் என்றால் குடும்பம் இழப்பது இதைத்தான்.

அடிபட்ட மூன்றாம் நபருக்கான நஷ்ட ஈட்டைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கக் கேட்கலாம். 2019 திருத்தம் மதுபோதையைக் கம்பெனி எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. தீர்ப்பாயம் 20 லட்சம் விதித்தால் அந்த 20 லட்சம் உங்கள் வீடு, நிலத்தின் மேல் வந்து நிற்கும்.

15. ஆள் இறந்துட்டா அதே 185-தானா?

இல்லை. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 106-ன் கீழ் 5 ஆண்டு வரை சிறை. குடித்து ஓட்டினால் உயிர் போகலாம் என்று தெரிந்தே ஓட்டினார் என்று கோர்ட் கருதினால் பிரிவு 105, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல், 10 ஆண்டு வரை. மும்பையிலும் டெல்லியிலும் நடந்த இரண்டு விபத்து வழக்குகளில் உச்சநீதிமன்றம் 2012-ல் இந்தப் பார்வையைத்தான் உறுதிசெய்தது. அது ஜாமீனில் விட வேண்டிய குற்றமும் இல்லை. 7-ம் பதில் இங்கே பொருந்தாது.

விபத்து நடந்தால் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும் போலீசுக்குச் சொல்வதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. பயந்து ஓடியவருக்கு எதிராக அந்த ஓட்டமே பேசும்.

16. கேஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு, சம்மனே வரல. விட்டுட்டாங்களா?

முதல் குற்றத்துக்கு 1 ஆண்டுக்குள் கோர்ட்டில் தாக்கல் செய்தாக வேண்டும், இரண்டாவதுக்கு 3 ஆண்டு. தாக்கல் ஆகிவிட்டால் சம்மன் தாமதமாக வந்தாலும் செல்லும். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டும், கோர்ட் அலுவலகத்தில் கேட்டும் பாருங்கள். பழைய முகவரிக்குப் போன சம்மன் வாரண்டாக மாறிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

17. தம்பி, மகன் சிங்கப்பூர்ல வேலை. லீவுல வந்தவன் மாட்டிக்கிட்டான். அடுத்த வாரம் ஃப்ளைட். போக முடியுமா?

வழக்கு இருப்பதாலேயே விமானம் ஏறத் தடை இல்லை. ஆனால் முடிக்காமல் போனால் ஆஜராகாததற்கு வாரண்ட் வரும். நிலுவையில் உள்ள கிரிமினல் வழக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது குறுக்கே நிற்கும், அப்போது கோர்ட் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். எனவே வக்கீல் மூலம் வழக்கைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி மனு போட்டுவிட்டுப் போவதே வழி. அபராதத்தோடு முடிந்த வழக்கு பாஸ்போர்ட்டைத் தடுக்காது. தடுப்பது ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டும் அதற்கு மேலும் பெற்ற தண்டனைதான்.

அரசு வேலை, போலீஸ் சரிபார்ப்புப் படிவங்களில் "வழக்கு உண்டா" என்ற கட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சிறு வழக்கைவிட மறைத்ததே வேலைக்கு உலை வைக்கும்.

18. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமத் தள்ளிட்டுத்தான் போனேன். சைக்கிள், பேட்டரி வண்டிக்கும் இது உண்டா?

ஓட்டுவதும் ஓட்ட முயல்வதும் குற்றம். தள்ளிக்கொண்டு போவது முயற்சி ஆகாது என்று வாதாடலாம். சாவி போட்டு, கிக்கரில் கால் வைத்திருந்தால் வாதம் பலவீனம். நிறுத்திய காரில் பின் சீட்டில் தூங்குகிறவர் ஓட்டவில்லை. ஓட்டுநர் சீட்டில், எஞ்சின் ஓட ஏ.சி. போட்டுத் தூங்கினால் சந்தேகம் உங்கள் மேல்தான்.

சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான பேட்டரி வண்டிகளும் அந்த வரையறைக்குள் வராது. ஆனால் வேகம் கூட்டி மாற்றியமைத்திருந்தால் வரும். டிராக்டர் வரும். சைக்கிளில் போய் ரோட்டில் ரகளை செய்தால் 185 இல்லாவிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா 355 இருக்கிறது: 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.